உள்ளாட்சி மன்றங்களின் சிறு மானியங்கள்: குடியிருப்புக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி என்று எந்தப் பெயரில் இயங்கினாலும், மக்களுக்கு மிக அருகில் இருக்கும் உள்ளாட்சி மன்றம் தன் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதைக் குடியிருப்போர் குழுக்களிடமும் தன்னார்வக் குழுக்களிடமும் நேரடியாக ஒப்படைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. முதன்முறையாக இத்தகைய மானியத்துக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை அளிக்கப்படுகிறது. விதிகள் மன்றத்துக்கு மன்றம் மாறுபடும் என்பதால், உங்கள் மன்றம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டு நெறிகளையும் அருகில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பது நல்லது.

சிறு மானியம் என்று எதைச் சொல்கிறோம்?

குறிப்பிட்ட ஒரு பணிக்காக, குறிப்பிட்ட காலத்துக்குள் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாமல் வழங்கப்படும் தொகையே மானியம். அது கடன் அல்ல. மன்றத்துக்கு வேலை செய்து கொடுத்துப் பெறும் ஒப்பந்தக் கூலியும் அல்ல. பணியை எண்ணியவர்களும் செய்து முடிப்பவர்களும் அப்பகுதி மக்களே. மன்றம் அதற்குத் துணை நிற்கிறது. எத்தனை தொகை வரை சிறியது என்பதற்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு குழு தன் சொந்த உழைப்பைக் கொண்டு ஓராண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய பணியின் அளவு என்று கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பூங்காவையும் படிப்பகத்தையும் மன்றமே அமைத்துத் தரலாமே? எதற்காக மக்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வி நியாயமானது. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல் ஆகியவை மன்றத்தின் கடமைகள். அவற்றை மானியம் என்ற பெயரில் மக்கள் தலையில் இறக்கி வைப்பது தவறு. ஒரு மன்றம் தன் அடிப்படைப் பணிகளுக்கான ஊழியர்களைக் குறைத்துவிட்டு, அந்த வேலைகளைத் தன்னார்வலர்கள் செய்யட்டும் என்று மானியத் திட்டம் அறிவிக்குமானால், அதைத் தயங்காமல் எதிர்க்க வேண்டும்.

ஆனால் கடமைகளுக்கு வெளியே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. எந்தத் தெருவில் முதியவர்கள் தனிமையில் வாடுகிறார்கள், எந்த மூலையில் மாலை நேரத்தில் பிள்ளைகள் விளையாட இடமின்றி நிற்கிறார்கள், எந்தக் காலி மனையில் குப்பை சேர்கிறது என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும், அவ்வளவு சிறிய வேலைக்குத் திட்ட அறிக்கை தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை வழங்குவதற்குள் ஆகும் நிர்வாகச் செலவு வேலையின் மதிப்பை நெருங்கிவிடும். அதே வேலையை இருபது குடும்பங்கள் தம் ஓய்வு நேரத்தில் செய்யும்போது, பொருள் வாங்கும் செலவு மட்டுமே மிஞ்சுகிறது.

இதைவிட முக்கியமானது, அந்த இருபது குடும்பங்களுக்கும் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து எதையும் செய்த அனுபவம் இல்லாதிருக்கக்கூடும் என்பது. கூட்டம் கூட்டுவது, தீர்மானம் எழுதுவது, பொதுப் பணத்துக்குக் கணக்கு வைப்பது, அலுவலரிடம் அனுமதி கேட்பது ஆகியவற்றை அவர்கள் ஒரு சிறு பணியின் வழியாகக் கற்றுக்கொள்கிறார்கள். பின்னொரு நாள் வெள்ளமோ நோய்த்தொற்றோ வரும்போது யாரை அழைப்பது, யாரிடம் சாவி இருக்கிறது, எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர் உண்டு என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மானியம் என்ற ஏற்பாட்டின் முதன்மையான விளைபொருள் இந்தப் பழக்கமே என்பது என் உறுதியான கருத்து. பூங்கா இருக்கை உடைந்துபோனாலும் இது எஞ்சியிருக்கும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மன்றத்துக்கு இதைக் கொடுக்கச் சட்டப்படி அதிகாரம் உண்டா?

பெரும்பாலும் மன்றத்தின் சொந்த வரி வருவாயிலிருந்தே வருகிறது. சில இடங்களில் ஒவ்வொரு வார்டு உறுப்பினருக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டு, அவர் பரிந்துரைக்கும் பணிகளுக்கு அது வழங்கப்படுகிறது. வேறு சில இடங்களில் மேல்நிலை அரசோ தேசிய நிறுவனமோ பணத்தை ஒதுக்க, மன்றம் அதைப் பகிர்ந்தளிக்கிறது. நியூசிலாந்தில் உள்ளூர்க் கலை முயற்சிகளுக்கான கிரியேட்டிவ் கம்யூனிட்டீஸ் திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது: தேசியக் கலை மேம்பாட்டு அமைப்பு நிதி அளிக்கிறது, எந்த முயற்சிக்குக் கொடுப்பது என்பது நகர, மாவட்ட மன்றங்களின் மட்டத்தில் முடிவாகிறது.

அதிகாரம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், மிகச் சிறிய உள்ளாட்சி அலகான பாரிஷ் மன்றம்கூட 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி, வேறு சட்டங்கள் வெளிப்படையாக அனுமதிக்காத ஒரு நற்பணிக்கும் தன் பகுதி மக்களுக்கு நேரடிப் பயன் உண்டென்றால் செலவிடலாம். அந்தச் செலவுக்கு வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்த ஆண்டு உச்சவரம்பு உண்டு. கிடைக்கும் பயன் செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கே புதிய கட்டடங்கள் எழும்போது வசூலிக்கப்படும் உள்கட்டமைப்புத் தீர்வையிலும் 15 விழுக்காடு, தம் பகுதியில் எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் அக்கம்பக்கத் திட்டம் ஒன்றை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டிருக்கும் பகுதியாக இருந்தால் 25 விழுக்காடு, அந்தப் பகுதிக்கே திரும்புகிறது. கட்டுமானத்தின் இரைச்சலையும் நெரிசலையும் தாங்குகிறவர்களுக்கே அதன் வருவாயில் ஒரு பங்கு சேரட்டும் என்ற இந்த எண்ணம் மற்ற நாடுகளும் கவனிக்கத் தக்கது.

உங்கள் மன்றத்தின் மானியம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். கலைக்கென ஒதுக்கப்பட்ட நிதியில் மரக்கன்று வாங்க முடியாது. நிலையான சொத்து உருவாக்கத்துக்கான நிதியில் பயிற்சியாளருக்கு மதிப்பூதியம் கொடுக்க முடியாது. தகுதியான பல விண்ணப்பங்கள் தவறான தலைப்பில் சென்று சேர்ந்ததாலேயே திரும்பிவிடுகின்றன.

எங்கள் குழு பதிவு செய்யப்படாதது. நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் வழி உண்டு. மன்றம் எதிர்பார்ப்பது பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு பெயரையும், அந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கையும்தான். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் இரண்டும் இருக்கும். இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு பெற்று இயங்கும் ஒரு சங்கமோ அறக்கட்டளையோ உங்கள் சார்பில் மானியத்தைப் பெற்று, உங்களுக்காக வரவு செலவை நிர்வகிக்கலாம். ஆஸ்திரேலியாவின் மன்றங்கள் பலவற்றில் இது வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட நடைமுறை. அவ்வாறு செய்யும்போது, யார் என்ன பொறுப்பை ஏற்கிறார்கள், நிர்வாகச் செலவாக ஏதேனும் பிடித்துக்கொள்ளப்படுமா, வாங்கிய பொருள்கள் கடைசியில் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டுக்கொள்வது கட்டாயம். நட்பை நம்பி இதைத் தள்ளிப்போடக் கூடாது. பொருள் யாருடையது என்ற கேள்வி எழும்போதுதான் நல்ல குழுக்கள் உடைகின்றன.

தனி ஒருவரின் சொந்தக் கணக்கில் பொது மானியத்தைப் பெறுவதை மன்றம் அனுமதித்தாலும் நீங்கள் தவிர்த்துவிடுங்கள்.

எத்தகைய பணிகளுக்குக் கிடைக்கும்?

கூட்டுத் தோட்டம், காலி மனையைத் தூய்மைப்படுத்துதல், மரம் நடுதல், சுவரோவியம், சிறு படிப்பகம், பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கருவிகள், முதியோர் சந்திப்பு, புதிதாகக் குடியேறியவர்களுக்கான மொழி வகுப்பு, உள்ளூர் வரலாற்றை ஒலிப்பதிவு செய்தல், பழுதுபார்க்கும் கருவிகளை அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்ளும் இல்லம், பேரிடர் கால ஆயத்தப் பயிற்சி என்று பட்டியல் நீளும். கட்சிப் பிரசாரம், மதப் பரப்புரை, ஆதாயம் ஈட்டும் தொழில், ஏற்கெனவே செய்துவிட்ட செலவு, பழைய கடன் ஆகியவற்றுக்குப் பொதுவாகக் கிடைக்காது. வழிபாட்டு இடத்தில் நடக்கும் பணியாக இருந்தாலும் அது எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால் பல மன்றங்கள் ஏற்கின்றன.

மக்கள் பங்களிப்பு கட்டாயம் என்கிறார்கள். கையில் பணமில்லாத பகுதி என்ன செய்யும்?

மன்றம் தரும் தொகைக்கு ஈடாகவோ அதில் ஒரு பகுதிக்கு ஈடாகவோ மக்களும் தங்கள் பங்கைச் செலுத்த வேண்டும் என்பது பல திட்டங்களின் அடிப்படை விதி. தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டத்தில் பெரும்பாலான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரப்பு செலுத்த வேண்டும் என்று இருப்பதைப் பலர் அறிவார்கள். ஒரு பணியில் மக்களுக்கு உண்மையான அக்கறை உண்டா என்பதை இந்த விதி வெளிப்படுத்திவிடுகிறது. ஆனால் பங்கு ரொக்கமாகத்தான் வர வேண்டும் என்றால், வசதியுள்ள தெருக்கள் மட்டுமே மானியம் பெறும். மிகவும் தேவைப்படுகிற தெருக்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

இதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் கண்ட வழி எளிமையானது. 1988ஆம் ஆண்டில் அந்நகரம் தொடங்கிய அக்கம்பக்க இணைநிதித் திட்டத்தில், மக்கள் தங்கள் பங்கை ரொக்கமாகத் தரலாம். நன்கொடையாகப் பெற்ற பொருள்களாகத் தரலாம். கட்டடக் கலைஞர், கணக்காளர் போன்றோர் இலவசமாகச் செய்துகொடுக்கும் தொழில்முறைச் சேவையாகத் தரலாம். தன்னார்வலர்களின் உழைப்பு நேரமாகவும் தரலாம். ஒரு மணி நேர உழைப்புக்கு நகராட்சி ஒரு மதிப்பை நிர்ணயித்து, அதைப் பங்களிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. பணமில்லாதவர்களிடமும் நேரமும் திறமையும் உண்டு என்பதை விதியே ஒப்புக்கொள்ளும்போது, விண்ணப்பிப்போரின் வட்டம் விரிகிறது. உலகின் பல நகரங்கள் பின்னர் இதே போக்கில் தங்கள் திட்டங்களை வகுத்துக்கொண்டன.

உங்கள் மன்றம் உழைப்பை ஏற்குமானால், முதல் நாளிலிருந்தே ஒரு வருகைப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்த வேலை, கையொப்பம் ஆகியவை இருந்தால் போதும். பணி முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதும் பதிவேட்டைத் தணிக்கையாளர் பார்த்தவுடன் கண்டுகொள்வார். அதை எழுதியவர்களின் நேர்மையான உழைப்பும் அதனால் ஐயத்துக்கு உள்ளாகும். கூட்டம் நடத்திய நேரமும் திட்டமிட்ட நேரமும் கணக்கில் சேருமா என்பதை முன்கூட்டியே கேட்டு, விடையை எழுத்தில் பெறுவதும் நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும், கைக்குழந்தையையோ நோயாளியையோ கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் நேரமும் அரிதான பொருள்தான். அத்தகையோர் மிகுந்த பகுதிகளில் பங்களிப்பு விகிதத்தைக் குறைப்பதோ முற்றாக நீக்குவதோ சலுகை ஆகாது, அது நீதியின்பாற்பட்டது.

விண்ணப்பத்தை எப்படி எழுதினால் நல்லது?

அலங்காரம் வேண்டாம். மதிப்பிடுவோர் ஒரே அமர்வில் பல விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். இப்போது என்ன குறை இருக்கிறது, அதை யார் அனுபவிக்கிறார்கள், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், எந்த மாதத்தில் எது நடக்கும், யார் எதற்குப் பொறுப்பு, முடிந்தபின் என்ன மாறியிருக்கும் என்று அவர்கள் தேடுவதை அதே வரிசையில் சொல்லிவிடுங்கள்.

“சமூக ஒற்றுமையை வளர்ப்போம்” என்று எழுதுவதால் எவரும் எதையும் புரிந்துகொள்ள மாட்டார்கள். “வாரம் இருமுறை மாலையில் பொது அறையைத் திறந்து வைப்போம், தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு எங்கள் உறுப்பினர்கள் நேரில் சென்று அழைப்பார்கள், நடக்க இயலாதவர்களை அழைத்து வர மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள்” என்று எழுதினால் பணி கண்முன் நிற்கும். தேவையை நிறுவுவதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. நாற்பது வீடுகளில் நேரில் கேட்டு, எத்தனை பேர் ஆம் என்றார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதினாலே போதும். மறுப்பையும் பதிவு செய்த விண்ணப்பம் கூடுதல் நம்பிக்கை தருகிறது. அந்த மறுப்புக்கு நீங்கள் சொல்லும் பதிலும் உங்கள் திட்டத்தைச் செம்மைப்படுத்தும்.

எழுதி முடித்ததும், குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு உங்கள் பணி என்னவென்று இரண்டு வாக்கியத்தில் திரும்பச் சொல்ல முடியவில்லை என்றால், விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. பல மன்றங்களில் மானியப் பணிக்கென ஓர் அலுவலர் இருப்பார். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது அவரைச் சந்தித்துப் பேசுங்கள். இது சிபாரிசு தேடுவது ஆகாது. விண்ணப்பதாரருக்கு வழிகாட்டுவது அவருடைய பணியிலேயே அடங்கும்.

செலவு மதிப்பீட்டில் எதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள்?

பொருள்களின் விலையை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விடுபட்டுப்போவது அதைச் சுற்றியுள்ள செலவு. ஏற்றி இறக்கும் கூலி, வரி, பணியால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் இழப்புக்குமான பொதுப் பொறுப்புக் காப்பீடு, இடத்துக்கான அனுமதிக் கட்டணம், மொழிபெயர்ப்பு, பிள்ளைகளோடு வரும் தாய்மார்களுக்கான குழந்தைப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், தோட்டமென்றால் தண்ணீர் இணைப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சற்றுப் பெரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு விலைப்புள்ளிகள் பெறுவது நல்லது. எதிர்பாராச் செலவுக்கென ஒரு சிறு விழுக்காட்டை வெளிப்படையாகக் காட்டலாம். அதைப் பிற இனங்களின் விலையை உயர்த்தி மறைத்து வைக்க வேண்டியதில்லை.

இடம் யாருடையது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்ய வேண்டும். யாரும் கவனிக்காத காலி மனைக்கும் உரிமையாளர் உண்டு. மன்றத்தின் ஒரு துறை மானியம் வழங்கியதாலேயே மற்றொரு துறை அனுமதி வழங்கிவிட்டதாக ஆகாது. நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு செடியைக்கூட நடாதீர்கள்.

யாருக்கு வழங்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

மூன்று முறைகள் வழக்கத்தில் இருக்கின்றன. அலுவலர்கள் மதிப்பெண் இட்டு, உறுப்பினர்களின் குழு ஒப்புதல் தருவது ஒன்று. வார்டு உறுப்பினரே தன் ஒதுக்கீட்டிலிருந்து பரிந்துரைப்பது மற்றொன்று. அப்பகுதி மக்களே கூடி வாக்களித்துத் தேர்வு செய்வது மூன்றாவது.

மூன்றாவது முறைக்குப் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கிய மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் முன்னோடி. அங்கே தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டது நகரின் பெரும் முதலீடுகளைப் பற்றி: சாலை, குடிநீர், கழிவுநீர். பிற்காலத்தில் பல நாடுகள் அந்த முறையைச் சிறு மானியங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டன. ஸ்காட்லாந்தில் உள்ளாட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தது 1 விழுக்காட்டையாவது மக்கள் பங்கேற்புடன் முடிவு செய்வது என்று அரசும் மன்றங்களின் கூட்டமைப்பும் 2017இல் உடன்பட்டன.

வாக்களிப்பில் ஒரு குறை உண்டு. உறவும் நட்பும் மிகுந்த பெரிய குழு ஆட்களைத் திரட்டி வந்து வென்றுவிடும். புதிதாகக் குடியேறிய பத்துக் குடும்பங்களின் நல்ல யோசனை தோற்றுவிடும். அதனால், ஒவ்வொருவரும் ஒரே பணிக்கு வாக்களிப்பதைவிட, குறைந்தது மூன்று பணிகளுக்கு வாக்களிக்க வேண்டும் என்ற விதி சிறந்தது. தம் பணிக்கு ஒரு வாக்கு போக, மீதி இரண்டை எங்கே இடுவது என்று தீர்மானிப்பதற்காகவேனும் மற்றவர்களின் திட்டங்களைக் காது கொடுத்துக் கேட்பார்கள். அவ்வாறு கேட்பதிலேயே இந்த முறையின் பயன் பெரிதும் அடங்கியிருக்கிறது.

வார்டு உறுப்பினர் எங்கள் குழுவிலும் இருக்கிறார். இது சிக்கலா?

அவர் தன் தொடர்பை வெளிப்படையாக அறிவித்து, உங்கள் விண்ணப்பம் விவாதிக்கப்படும்போது விலகி இருந்தால் சிக்கல் இல்லை. மறைத்தால்தான் சிக்கல். விண்ணப்பத்திலேயே நீங்களும் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

பணம் எப்போது கைக்கு வரும்?

ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின் முழுத் தொகையையும் முன்கூட்டியே தருவது, இரண்டு மூன்று தவணையாகத் தருவது, செலவு செய்தபின் ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளச் சொல்வது என்று நடைமுறைகள் பலவாறாக உள்ளன. கடைசி முறை மன்றத்துக்குப் பாதுகாப்பானது. வசதி குறைந்த குழுக்களுக்கோ அது கதவடைப்பு. கையிலிருந்து முதலில் போட யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்களுக்கே மானியம் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். சிறு தொகைகளுக்கு இந்த நிபந்தனையை மன்றங்கள் கைவிட வேண்டும். உங்கள் மன்றத்தில் இந்த முறை இருந்தால், முதல் தவணையை முன்பணமாகத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். விதியில் இடமிருந்தும் கேட்காததால் பெறாதவர்கள் பலர்.

கணக்கை எவ்வாறு வைத்துக்கொள்வது?

மானியத்துக்கென ஒரு தனி ஏடு. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவரின் கையொப்பம். அந்த இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. ரசீதின் மை நாளடைவில் மறைந்துவிடும் என்பதால் அன்றே ஒரு படம். ரசீது தர இயலாத சிறு செலவுக்குச் செலவுச் சீட்டு எழுதி, பணம் பெற்றவரின் கையொப்பம். மாதம் ஒருமுறை வரவு செலவைக் குழுவின் கூட்டத்தில் வாசித்துக் குறிப்பேட்டில் பதிவு. இவ்வளவு செய்தால், பணி முடிந்தபின் கேட்கப்படும் பயன்பாட்டுச் சான்றிதழை ஒரே மாலையில் தயாரித்துவிடலாம்.

மன்றங்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். சிறு தொகைக்குப் பெருந்தொகையின் படிவங்களை நீட்டாதீர்கள். ஒரு கூட்டுத் தோட்டத்துக்கான மண்ணும் விதையும் வாங்கிய குழுவிடம் பட்டயக் கணக்காளரின் தணிக்கை அறிக்கையைக் கேட்டால், அந்த அறிக்கைக்கான கட்டணத்துக்கே இன்னொரு மானியம் தேவைப்படும். இரண்டு பக்க அறிக்கை, ரசீதுகளின் நகல், சில படங்கள், ஒருமுறை நேரில் பார்வையிடல் ஆகியவை சிறு தொகைக்குப் போதுமான பாதுகாப்பு.

பாதியில் திட்டம் மாறிவிட்டால்?

மாறும், அது இயல்பு. செலவிடும் முன் எழுதிக் கேளுங்கள். சுவரோவியத்துக்குப் பெற்ற பணத்தில் இருக்கை வாங்கிவிட்டுப் பிறகு சொல்வது, இருக்கை எவ்வளவு பயன்பட்டாலும், விதிமீறல்தான். முன்கூட்டிக் கேட்டால் நியாயமான மாற்றத்தை மன்றங்கள் ஏற்றுக்கொள்வதே வழக்கம். மீதமான தொகையைத் திருப்பிச் செலுத்துவதா, தொடர்புடைய செலவுக்குப் பயன்படுத்துவதா என்பதையும் அவ்வாறே கேட்டு முடிவு செய்யலாம்.

மானியம் முடிந்தபின் பராமரிப்பை யார் பார்த்துக்கொள்வது?

சிறு மானியங்களின் தோல்வி பெரும்பாலும் இந்த இடத்தில் நேர்கிறது. திறப்பு விழா நடக்கிறது, படம் எடுக்கிறார்கள், அடுத்த கோடையில் செடிகள் காய்ந்து கிடக்கின்றன. புதிய பணிக்குப் பணம் தருவதில் மன்றங்களுக்கு உள்ள ஆர்வம், இரண்டாம் ஆண்டின் தண்ணீர்க் கட்டணத்துக்குப் பணம் தருவதில் இல்லை. ஆண்டுதோறும் புதுமையைக் கேட்கும் மானியத் திட்டம், நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பழைய பணியைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யும்படி குழுக்களைத் தூண்டுகிறது. இதை மாற்ற வேண்டும். ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைத் தொடரும் பணிகளுக்கென்றே வைப்பதும், இரண்டு மூன்று ஆண்டுக்கான மானியத்தை ஒரே விண்ணப்பத்தில் வழங்குவதும் நடைமுறைக்கு ஏற்ற வழிகள்.

குழுவின் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. விண்ணப்பம் எழுதும்போதே இரண்டாம் ஆண்டின் செலவை மதிப்பிட்டு, அதை எங்கிருந்து திரட்டுவது என்று முடிவு செய்யுங்கள். உறுப்பினர் சந்தாவோ, பொது அறையின் வாடகையோ, மன்றத்தின் பூங்காத் துறை தண்ணீரை மட்டும் ஏற்றுக்கொள்வதோ ஒரு வழியாக இருக்கலாம். பொறுப்பு ஒருவர் மீதே குவிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதற்கு இணையாக முக்கியம். ஒரு குழுவில் எல்லாவற்றையும் அறிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால், அவர் வேறு ஊருக்கு வீடு மாறும் நாளில் பணியும் நின்றுபோகும். சாவி, கடவுச்சொல், கணக்கேடு, தொடர்பு எண்கள் ஆகியவை எப்போதும் குறைந்தது இருவரிடமாவது இருக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய வேலைகளால் உண்மையில் ஏதேனும் மாறுகிறதா?

சில வகைப் பணிகளுக்கு உறுதியான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அகற்றிப் புல்லும் மரமும் நட்டுத் தாழ்வான வேலி அமைத்தார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். மீதியை இருந்தபடியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவுகளின்படி, வறுமை மிகுந்த பகுதிகளில் பசுமையாக்கப்பட்ட மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. அருகில் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்களின் அளவும், ஒன்றும் செய்யப்படாத மனைகளைச் சுற்றி வாழ்ந்தவர்களோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ 41 விழுக்காடு குறைந்தது. அது மன்றத்தின் சிறு மானியத் திட்டமன்று. ஆனால் செய்யப்பட்ட வேலை புல், சில மரங்கள், முழங்காலளவு வேலி ஆகியவைதாம். அதன் அளவு எந்த அக்கம்பக்கக் குழுவின் கைக்கும் எட்டக்கூடியது.

எல்லாப் பயனையும் எண்ணால் காட்ட முடியாது. அதற்காக எண்ணாமலும் விடக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை பேர் முதலில் பயனாளியாக வந்து பின் பணி செய்பவராக மாறினார்கள் என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். மூன்றாவது எண் எப்போதும் மிகச் சிறியதாகவே இருக்கும். ஒரு பணியின் ஆரோக்கியத்தை அறிய நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எப்போதும் ஒரே குழுக்களுக்கே மானியம் போகிறதே?

பல இடங்களில் உண்மை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள், அலுவலக நேரத்தில் அலுவலகம் செல்ல இயன்றவர்கள், அரசு மொழியில் தடையின்றி எழுதுபவர்கள் ஆகியோர் எந்தப் பகுதியில் மிகுதியோ அந்தப் பகுதிக்கே பணம் திரும்பத் திரும்பச் செல்கிறது. விதி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதாலேயே விளைவு சமமாகிவிடாது. இதைச் சரிசெய்ய நினைக்கும் மன்றம் செய்யக்கூடியவை பல. வாய்மொழியாகவோ காணொளியாகவோ விண்ணப்பிக்க அனுமதிக்கலாம். அப்பகுதியில் பேசப்படும் மொழிகளில் படிவத்தைத் தரலாம். முதன்முறை விண்ணப்பிப்போருக்கென ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கலாம். அலுவலரே குடியிருப்புகளுக்குச் சென்று மாலை நேரத்தில் கூட்டம் நடத்தலாம். யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை வார்டு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே இல்லை. பட்டியல் வெளியாகும்போது எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும்.

பல ஆண்டுகளாக மானியம் பெற்றுவரும் குழுக்களும் பக்கத்துப் பகுதியின் புதிய குழுவுக்கு விண்ணப்பம் எழுத உதவலாம். போட்டி கூடிவிடுமே என்று தயங்குவோர் உண்டு. நல்ல விண்ணப்பங்கள் பெருகும்போது அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டை உயர்த்தக் கோருவதற்கு உறுப்பினர்களின் கையில் வலுவான காரணம் கிடைக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதி போதாமை, தகுதிக் குறை, திட்டத்தில் தெளிவின்மை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அதற்கேற்ப நீங்கள் செய்ய வேண்டியதும் வேறு. நிதி போதாமை என்றால் அதே விண்ணப்பத்தை அடுத்த சுற்றில் புதுப்பித்து அனுப்பலாம். தகுதிக் குறை என்றால் வேறு தலைப்பையோ வேறு நிதியையோ தேட வேண்டும். தெளிவின்மை என்றால், பணியின் மிகச் சிறிய ஒரு பகுதியை, பணமே தேவைப்படாத ஒரு பகுதியை, முதலில் செய்து பாருங்கள். படிப்பகம் அமைக்க எண்ணியவர்கள் ஒரு மரத்தடியில் மாதம் ஒருமுறை வாசிப்புக் கூட்டத்தை நடத்தலாம். யார் வருகிறார்கள், எந்தக் கிழமை ஒத்துவருகிறது, பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைக் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அடுத்த விண்ணப்பத்தில் உத்தேசமாக எழுதிய வரிகளுக்குப் பதிலாக அந்த விவரங்களை எழுதலாம்.